கடிகாரம் குளத்துக்குள் வந்த கதை

ஓசூர் என்றதும் நினைவுக்கு வருபவை ரோஜாப்பூ, அசோக் லேலண்ட் லாரி, டி.வி.எஸ். பைக், டைட்டன் கைக்கடிகாரம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், தன் கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் அமைத்தது. கடிகாரம் செய்கிற ஊரில் நீச்சலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது! போட்டி நீச்சல் பயிற்சியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதை இரண்டாகப் பிரிப்பது ஒரு கடிகாரம்தான். கடிகாரத்துக்கு முன், கடிகாரத்துக்குப் பின்.

ஒரு நீச்சல் வீரரை எப்படித் தயார் செய்வது? தினமும் எத்தனை கிலோமீட்டர் நீந்த வேண்டும்? ஒரு வேளையா, இரண்டு வேளையா? தண்ணீருக்கு வெளியே செய்யும் உடற்பயிற்சி உதவுமா, கெடுக்குமா? இந்தக் கேள்விகளுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறை மாறியபோதும் முந்தைய தலைமுறை "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்றுதான் சொன்னது.

கிணறும் கால்வாயும்

நம் ஊர்ப் பக்கம் நீச்சல் கற்றுக்கொண்ட முறை எல்லோருக்கும் தெரியும். முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். மாமாவோ அண்ணனோ கூடவே குதிப்பார். நான்கு நாளில் குடுவையை அவிழ்த்து விடுவார்கள். அவ்வளவுதான்! மிதக்கத் தெரிந்தால் நீச்சல் தெரிந்ததாகக் கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாந்தோப்புக் கிணறுகளிலும் இதே கதைதான். உயிர் பிழைக்க இது போதும். வேகத்துக்கு இது போதாது.

ஐரோப்பாவிலும் ஆரம்பம் பெரிதாக வேறுபட்டதல்ல. 1875 ஆகஸ்ட் 25 அன்று கேப்டன் மேத்யூ வெப் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். கிட்டத்தட்ட 22 மணி நேரம். நீந்தியது முழுவதும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். அவரை வைத்து யாரும் பயிற்சி அட்டவணை போடவில்லை. நீண்ட தூரம் போக வேண்டுமென்றால் நீண்ட நேரம் நீந்திப் பழக வேண்டும் என்பதுதான் அன்றைய ஒரே விதி. இந்த விதி மிகவும் நியாயமாகத் தெரிகிறது, இல்லையா? அதனால்தான் அதை உடைக்க இத்தனை காலம் ஆனது.

பாக் நீரிணையின் மனிதர்கள்

தமிழர்களுக்கு இந்த "நீண்ட நேர" மரபில் பெரிய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெயர் அவருக்கு. 1966 ஏப்ரலில் வங்காளத்தின் மிகிர் சென் இந்தியக் கடற்படையின் துணையோடு அதே நீரிணையை 25 மணி நேரத்துக்கும் மேல் நீந்திக் கடந்தார். அந்த ஆண்டே ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என மொத்தம் ஐந்தை முடித்தார்.

அடுத்து வந்தவர் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். "ஆழிக்குமரன்" என்ற பட்டத்தோடு இன்றும் பேசப்படுபவர். 1971-ல் பாக் நீரிணையை ஒரு பக்கம் மட்டுமல்ல, போய்த் திரும்பியும் நீந்தினார். 51 மணி நேரம்! அவரிடம் ஒரு விசேஷம் இருந்தது. தரையிலும் தன் உடம்பைச் சோதித்துக்கொண்டே இருந்தார். ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நிற்பது போன்ற சாதனைகளுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். களைப்பைத் தாங்கும் சக்தியைத் தண்ணீருக்கு வெளியேயும் வளர்க்கலாம் என்று அவர் நம்பியது போலத் தெரிகிறது. 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். சகிப்புத்தன்மைக்கு எல்லை இல்லை என்று வாழ்ந்தவரைக் குளிர்ந்த கடல் நிறுத்தியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1994-ல், தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தான். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தப் பெயர் தெரியும். பொது அறிவுப் புத்தகத்தில் கேள்வியாக வந்த பெயர் ஆயிற்றே! 1997-ல் ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து மிகிர் சென்னின் 31 ஆண்டுச் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் கிடைத்தது. பின்னர் பொறியியல் படிப்பு, அமெரிக்கா என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது.

இவர்கள் எல்லோரும் மாபெரும் வீரர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடலைக் கடப்பது வேறு, 50 மீட்டர் குளத்தில் இரண்டு முறை போய் வந்து 200 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பது வேறு. முதலாவதில் எதிரி தூரம். இரண்டாவதில் எதிரி நொடி. நொடியை ஜெயிக்க வேறு மாதிரிப் பயிற்சி தேவைப்பட்டது.

தரையில் ஆரம்பித்த கோச்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிப்புத் என்றொருவர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். நீச்சல் அவருடைய துறையே அல்ல. ஆனாலும் நீச்சல் அணி அவர் கைக்கு வந்தது. தனக்குத் தெரிந்ததிலிருந்துதான் அவர் ஆரம்பித்தார். தண்ணீரில் இறங்கும் முன் வாரக்கணக்கில் தரையில் பயிற்சி. கனமான மெடிசின் பந்தைத் தூக்கி எறிவது, கப்பிக் கயிற்றில் எடையைக் கட்டி இழுப்பது, வயிறு, முதுகு, தோளுக்கான அசைவுகள்.

அந்தக் காலத்தில் இது பைத்தியக்காரத்தனமாகப் பார்க்கப்பட்டது. தசை முறுக்கேறினால் நீச்சல்காரன் இறுகிப்போவான், தண்ணீரில் மூழ்குவான் என்பதுதான் பரவலான நம்பிக்கை. முடிவு என்ன ஆனது? 1959 வரை கிப்புத்தின் அணி 528 போட்டிகளில் வென்றது. தோற்றது வெறும் 12!

நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டைச் சுற்றும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. கர்லாக்கட்டை சுற்றும்போது தோள்மூட்டு முழு வட்டம் போகிறது. ஃப்ரீஸ்டைல் கைவீச்சுக்கும் அதே தோள்தான் வேலை செய்கிறது. மல்யுத்தத்துக்காக வளர்ந்த இந்தப் பயிற்சிகளை நீச்சலோடு இணைத்துப் பார்க்கும் எண்ணம் இங்கே பெரிதாக எழவில்லை. காரணம் எளிது. இங்கே கிணறும் ஆறும் இருந்தன, போட்டிக் குளமும் அதற்கான பந்தயங்களும் மிகக் குறைவு. தேவை இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பு வராது.

கடிகாரம் வருகிறது

பெரிய மாற்றம் ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தது. 1930-களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் மருத்துவர் ரைண்டலும் இதயத் துடிப்பை அளந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். வேகமாக ஒரு சிறு தூரம் ஓடு. துடிப்பு ஓரளவு இறங்கும் வரை ஓய்வெடு. மறுபடி ஓடு. இதுதான் "இன்டர்வல்" பயிற்சி. அவர்களிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடி உலகத்தை அதிர வைத்தார். செக் நாட்டின் எமில் சாடோபெக் தனக்கே உரிய வகையில் இதே வழியில் போய் 1952 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார்.

இதைத் தண்ணீருக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஆஸ்திரேலியாவின் ஃபோர்ப்ஸ் கார்லைல், அமெரிக்காவின் ஜேம்ஸ் கவுன்சில்மேன். கார்லைல் சிட்னி பல்கலைக்கழகத்தில் உடலியல் சொல்லிக் கொடுத்தவர். கவுன்சில்மேன் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்கடியில் கேமரா வைத்து வீரர்களின் கையசைவைப் படம் பிடித்துப் படித்தவர். குளக்கரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய கடிகாரம் நிறுத்தப்பட்டது. மணி முள் கிடையாது. நொடி முள்தான் முக்கியம். அதுதான் "பேஸ் கிளாக்".

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாணவர் 1000 மீட்டரை ஒரே மூச்சில் நீந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். களைப்பில் 100 மீட்டருக்குச் சராசரி 1 நிமிடம் 22 நொடி ஆகிறது. இப்போது அதே 1000 மீட்டரைப் பத்து நூறாகப் பிரிப்போம். ஒவ்வொரு 1 நிமிடம் 30 நொடிக்கும் ஒரு முறை புறப்பட வேண்டும். 1 நிமிடம் 15 நொடியில் நீந்தி முடித்தால் 15 நொடி ஓய்வு. தாமதமானால் ஓய்வு குறையும். மொத்தம் 15 நிமிடத்தில் வேலை முடிந்தது. தூரம் ஒன்றுதான். ஆனால் உடம்பு பழகியது 1:22 வேகத்துக்கு அல்ல, 1:15 வேகத்துக்கு!

அடுத்த மாதம் புறப்படும் இடைவெளியை 1 நிமிடம் 25 நொடியாகக் குறைக்கலாம். ஓய்வு 10 நொடியாகும். அல்லது இடைவெளியை அப்படியே வைத்து 1:13-ல் நீந்தச் சொல்லலாம். அல்லது நூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். தூரம், வேகம், ஓய்வு, எண்ணிக்கை என்ற நான்கு திருகுகள் கோச் கையில் வந்துவிட்டன. எதைத் திருகினால் என்ன மாறும் என்று பார்த்து எழுதி வைக்கலாம். பயிற்சி என்பது அனுபவக் கைப்பக்குவத்திலிருந்து கணக்கு நோட்டுக்கு மாறிய தருணம் இதுதான்.

கார்லைல் இன்னொன்றையும் கண்டார். உடலியல் பேராசிரியர் ஃபிராங்க் காட்டனோடு சேர்ந்து, பெரிய போட்டிக்குச் சில வாரம் முன்பு பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்தால் வீரர் வேகமாகிறார் என்று கவனித்தார். இதற்கு "டேப்பர்" என்று பெயர். பரீட்சைக்கு முந்தின இரவு தூங்கச் சொல்லும் அம்மாவின் அறிவுரைக்கு அறிவியல் ஆதாரம் கிடைத்தது போல! 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நீச்சலின் 13 தங்கத்தில் 8 ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1972 மியூனிக்கில் கார்லைலின் மாணவி ஷேன் கோல்ட் 15 வயதில் மூன்று தங்கம் வென்றார். அதே மியூனிக்கில் கவுன்சில்மேனின் மாணவர் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம்.

கிலோமீட்டர் போதை

எழுபதுகளில் ஒரு சின்னப் பொருள் பயிற்சியை மாற்றியது. அதுதான் நீச்சல் கண்ணாடி. அதற்கு முன் குளோரின் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் சிவந்து எரியும். கண்ணே எவ்வளவு நீந்தலாம் என்பதற்கு வரம்பு போட்டது. கண்ணாடி வந்ததும் அந்த வரம்பு போய்விட்டது. ஒலிம்பிக்கில் 1976 முதல் அனுமதி. குளத்தில் மணிக்கணக்கில் இருக்கலாம் என்றானதும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது!

கலிஃபோர்னியாவின் மிஷன் வியேஹோ போன்ற கிளப்புகளில் பள்ளி மாணவர்கள் காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் வரை கூட நீந்தினார்கள். அதிலிருந்து உலக சாம்பியன்கள் வந்தார்கள். எனவே உலகம் முழுவதும் கோச்சுகள் அதையே பின்பற்றினார்கள். தோள் வலியால் பாதியில் விட்டுப் போனவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வென்றவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறையும் சரியான முறையாகத்தான் தெரியும்.

1991-ல் டேவிட் காஸ்டில் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் குழுவும் ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி நீச்சல் வீரர்கள் இரண்டு குழு. 25 வாரக் காலம். ஒரு குழு தினமும் ஒரே வேளை, ஒன்றரை மணி நேரம். மற்ற குழு நடுவில் 6 வாரம் மட்டும் காலை ஒன்றரை, மாலை ஒன்றரை என இரட்டிப்பு. விளைவு? இரட்டிப்பாக நீந்தியவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரங்களில் அவர்களின் குறுந்தூர வேகம் குறையவும் செய்தது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. குறைந்துசெல் விளைவு விதி! ஒரு ஏக்கருக்கு முதல் மூட்டை உரம் தரும் பலனைப் பத்தாவது மூட்டை தராது. ஒரு கட்டத்துக்கு மேல் உரமே பயிரைக் கெடுக்கும். நீச்சலும் அப்படித்தான். 100 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடம் கூட நீடிப்பதில்லை. அதற்காக ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மெதுவாக நீந்துவது எதைப் பழக்குகிறது? மெதுவாக நீந்துவதைத்தான்.

இந்த வாதத்தை இன்னும் தீவிரமாக எடுத்துச் சென்றவர் பிரென்ட் ரஷல். பந்தய வேகத்தில் மட்டும் பயிற்சி, சிறு தூரம், குறைந்த ஓய்வு, வேகம் இறங்கியதும் நிறுத்து என்பது அவர் முறை. அதில் வளர்ந்த மைக்கேல் ஆண்ட்ரூ டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெட்லி ரிலே அணியில் தங்கம் வென்றார். ஆனால் எதிர்ப்பக்கமும் பலமானது. மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஆண்டுக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை கூட விடாமல் நீந்தியவர். தூரம் வேண்டவே வேண்டாம் என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. குறிப்பாக 800, 1500 மீட்டர்காரர்களுக்குத் தூரம்தான் அஸ்திவாரம். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

இந்தியாவில் இந்த அறிவியல் பயிற்சி வேர் பிடித்த முக்கிய நகரம் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பெங்களூரு. அங்கே பசவனகுடி நீச்சல் மையத்தின் எஸ். பிரதீப் குமாரும், நிஹார் அமீனும் வளர்த்த மாணவர்கள்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் இந்திய நீச்சலில் பெரும் பகுதி. இருவருமே துரோணாச்சாரியார் விருது பெற்றவர்கள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய நிஷா மில்லட், முதலில் நீச்சல் கற்றது சென்னை ஷெனாய் நகரில். சிறு வயதில் தண்ணீரில் மூழ்கப் போய்ப் பிழைத்தவர். பெங்களூருவுக்குப் போன பிறகுதான் பிரதீப் குமாரிடம் ஒலிம்பிக் தரத்துக்கு உயர்ந்தார்.

சஜன் பிரகாஷின் கதை இன்னும் நெருக்கமானது. கேரளத்தில் பிறந்தாலும் வளர்ந்தது நெய்வேலியில். அவர் அம்மா தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் ஒரு நீச்சல் குளம் இருந்ததால் ஒரு ஒலிம்பிக் வீரர் உருவானார்! அவரும் பின்னர் பெங்களூரு போனார். 2016 ரியோவில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தினார். அதன்பின் கழுத்தில் டிஸ்க் பிரச்சினை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தாய்லாந்தின் புக்கெட்டில் மாட்டிக்கொண்டார்.

இந்தியாவில் இருந்தவர்கள் நிலை அதைவிட மோசம். மற்ற மைதானங்கள் திறந்த பிறகும் குளங்கள் மூடியே இருந்தன. போட்டி வீரர்களுக்கே அக்டோபர் நடுவில்தான் அனுமதி கிடைத்தது. ஏழு மாதம் தண்ணீர் இல்லாத நீச்சல்காரர்கள்! ரப்பர் கயிற்றைக் கம்பத்தில் கட்டிக் கை இழுப்பு, மொட்டை மாடியில் தண்டால், பிளாங்க், ஸ்கிப்பிங். கிப்புத் தண்ணீருக்கு முன் செய்யச் சொன்னதை இவர்கள் தண்ணீருக்குப் பதிலாகச் செய்தார்கள். பலம் ஓரளவு நின்றது. ஆனால் தண்ணீரைக் கையால் பிடிக்கும் அந்த உணர்வு தரையில் கிடைக்காது என்பதும் தெளிவானது.

சஜன் 2020 ஆகஸ்டில் துபாய் போய்ப் பிரதீப் குமாரிடமே மீண்டும் பயிற்சி எடுத்தார். காயத்திலிருந்து மீளும் உடம்பு. தூரத்தைக் கண்டபடி ஏற்ற முடியாது. 2021 ஜூன் 26 அன்று ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் "ஏ" தகுதி நேரம் 1:56.48. அதை எட்டிய முதல் இந்தியர் அவர்தான். வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு! அடுத்த நாட்களில் பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77 நொடியில் தகுதி பெற்று இரண்டாமவர் ஆனார்.

ஒரு நாள் பயிற்சியின் உள்கட்டமைப்பு

இத்தனை வரலாறும் சேர்ந்து இன்று ஒரு நல்ல பயிற்சி எப்படி இருக்கிறது? ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமாராக 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்:

- வார்ம் அப்: 600 மீட்டர். இலகுவாக, எல்லா ஸ்ட்ரோக்கும் கலந்து. தோள் சூடாகாமல் வேகம் கூடாது.

- நுட்பம்: 400 மீட்டர். ஒரு கையால் மட்டும் நீந்துவது, விரல் நுனி நீரை உரசியபடி கையைக் கொண்டு வருவது போன்றவை. களைப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். களைத்த பிறகு செய்தால் தவறான அசைவுதான் பழகும்.

- கால் உதை: பலகையைப் பிடித்து 8 முறை 50 மீட்டர்.

- மெயின் செட்: இதுதான் அன்றைய பாடம். உதாரணமாக 16 முறை 100 மீட்டர். நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நான்கிலும் முந்தையதைவிட வேகம். நேரத்தைச் சொல்ல முடியாத அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம்!

- வேகம்: 8 முறை 25 மீட்டர், முழு பலத்தோடு, நிறைய ஓய்வோடு. இங்கே ஓய்வைக் குறைப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

- கூல் டவுன்: 600 முதல் 800 மீட்டர்.

தரைப் பயிற்சி வாரம் மூன்று நாள். 13, 14 வயதுக்குத் தன் உடல் எடையே போதும். தண்டால், பஸ்கி, புல் அப், பிளாங்க், ரப்பர் கயிறு. தோள்மூட்டின் உட்புறச் சிறு தசைகளுக்குத் தனி அசைவுகள் அவசியம். ஏனென்றால் நீச்சல்காரருக்கு முதலில் கெடும் பாகம் அதுதான். ஓராண்டில் லட்சக்கணக்கான முறை சுழலும் மூட்டு அது.

வாரத்தில் எல்லா நாளும் கடினமாக இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். கடினம், இலகு, கடினம், நுட்பம், கடினம், ஓய்வு என்ற மாதிரி ஏற்ற இறக்கம் வேண்டும். உடம்பு பலம் பெறுவது பயிற்சியின்போது அல்ல. பயிற்சிக்குப் பிறகு, தூங்கும்போது.

எண்பது கிலோமீட்டர் கணக்கு

இனி ஓசூருக்குத் திரும்புவோம். ஓசூரிலிருந்து பெங்களூரு போய் வர 80 கிலோமீட்டர். இரண்டு வேளை என்றால் 160. குளத்தில் நீந்துவது மொத்தம் எட்டு கிலோமீட்டர், அதற்காக ரோட்டில் போவது அதைப்போல 20 மடங்கு! அத்திப்பள்ளி சோதனைச் சாவடியும் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலும் தெரிந்தவர்களுக்கு அது எத்தனை மணி நேரம் என்று சொல்லத் தேவையில்லை. ஷிப்ட்டுக்குப் போகிற அப்பாவோ அம்மாவோ யார் காலை நாலரை மணிக்குப் பிள்ளையை அழைத்துப் போவது? பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது நீச்சலாகத்தான் இருக்கும்.

ஆறு இல்லையா, ஏரி இல்லையா என்று கேட்கலாம். தென்பெண்ணை இருக்கிறது. கெலவரப்பள்ளி அணையும் இருக்கிறது. ஆனால் பெங்களூருவின் கழிவு கலந்து அங்கே நுரை மலைபோல் பொங்கும் படங்களைச் செய்திகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். நகரத்தின் கழிவு எல்லையைத் தாண்டி இலவசமாக வருகிறது. நகரத்தின் பயிற்சிக்கு மட்டும் நாம் எல்லையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் 1991-ன் அந்த ஆராய்ச்சி வெறும் ஏட்டுச் செய்தியாக இல்லாமல் போகிறது. "இரண்டு வேளை நீந்தாவிட்டால் போட்டிக்கே வராதே" என்ற விதி உண்மையாக இருந்தால், குளத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்த விளையாட்டு. அந்த விதி பாதிதான் உண்மை என்றால் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஒரே வேளை, ஒன்றரை மணி நேரம், நன்றாகத் திட்டமிட்ட மெயின் செட், மற்ற வேளைக்கு வீட்டிலேயே தரைப் பயிற்சி. பள்ளி, மாவட்ட, மாநில அளவுக்கு ஒரு பதின்பருவத்துப் பிள்ளை உயர இது போதுமான அடித்தளம். ஒலிம்பிக் தரத்துக்கு இது போதாமல் போகலாம். ஆனால் அந்த வாசலுக்கு வரும் முன்பே ஆயிரம் பேர் விலகிப் போவதை இது தடுக்கும்.

நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் ஒரு குளம் என்ன செய்தது என்று பார்த்தோம். ஓசூரில் எத்தனை ஆலைகள்! உலகத் தரத்தில் இன்ஜினும் கடிகாரமும் செய்யத் தெரிந்த ஊருக்கு 50 மீட்டர் நீளத்தில் தண்ணீர் கட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. கரையில் மாட்ட வேண்டிய கடிகாரத்துக்கு நிச்சயம் பஞ்சம் வராது!